கீழத்தெருவுக்கு ஒன்பது பூஜ்ஜியம்

சாம்பல் விழுந்து நூற்று முப்பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. அறிவுமதியின் கணினித் திரை மூலையில் அந்த எண் தானாக ஓடிக்கொண்டிருந்தது. அதை அங்கே வைத்தவளும் அவள்தான். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு நாற்பதுக்கு ஆலையில் வெடித்தது. இப்போது வியாழக்கிழமை காலை ஒன்பது நாற்பது. மூன்று மணிக்குப் பஞ்சாயத்து அலுவலகத்தில் கூட்டம்.

அவளுக்குக் காலையிலிருந்து தண்ணீர்கூட இறங்கவில்லை.

ஆலை வடக்குப்பட்டுக்குப் போகிற வழியில் இருந்தது. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குகிற ஆலை. புகையில் வரும் தூசியை வடிகட்டிப் பிடித்து வைக்க அங்கே ஓர் அறை உண்டு. அறை முழுக்க ஆள் உயரத் துணிப்பைகள். அந்த அறைதான் வெடித்தது. சாம்பல் நிறத்தில் மாவு போல மேலே எழும்பிய தூசி, பக்கத்துக் குடியிருப்பின் மேல் இறங்கியது. எங்கே, எவ்வளவு இறங்கியது என்று சொல்ல வேண்டியது அறிவுமதி வேலை பார்க்கும் சுற்றுச்சூழல் ஆய்வு அலுவலகத்தின் பொறுப்பு. தண்டலத்தில், மொபைல் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. முதலாளி பாண்டுரங்கன், வண்டி ஓட்டும் மோகன், அவள். மொத்தமே மூன்று பேர்.

அவள் நிலவியல் படித்தவள். முதுகலைக் கடைசி ஆண்டில் ஒரு தீவு எரிமலையின் சாம்பலைப் பற்றித்தான் ஆய்வு செய்தாள். தீவையும் பார்த்ததில்லை, எரிமலையையும் பார்த்ததில்லை. யாரோ அளந்து வைத்த அட்டவணை ஒன்று இருந்தது, அவ்வளவுதான். எரிமலை கக்கும்போது பக்கத்தில் நின்று அளக்க யாராலும் முடியாது. அடங்கிய பிறகு போய், எந்த இடத்தில் எவ்வளவு சாம்பல் கிடக்கிறது என்று பார்த்துப் பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். எவ்வளவு உயரம் எழும்பியது, எத்தனை நேரம் நீடித்தது, மொத்தம் எவ்வளவு வெளியே வந்தது. கணினி ஆயிரக்கணக்கான வெடிப்புகளைக் கற்பனையாக உண்டாக்கி, ஒவ்வொன்றின் சாம்பலையும் அன்றைக்கு அடித்த காற்றில் பறக்கவிட்டுப் பார்க்கும். தரையில் உண்மையில் கிடக்கிற சாம்பலோடு எது ஒத்துப்போகிறதோ, அதை எடுத்துக் கொடுக்கும்.

ஆலைத் தூசிக்கும் அதே கணினி நிரல் சரிப்படும் என்று சொன்னது அவள்தான். வேலைக்குச் சேர்ந்த எட்டு மாதத்தில் அவளாக வாய் திறந்து சொன்ன ஒரே யோசனை அது.

“இன்னாம்மா மதி, எரிமலை இன்னா சொல்லுது?” பாண்டுரங்கன் காபி டம்ளரோடு வந்து பின்னால் நின்றார்.

“அறுபது கிலோ சார். பதினோரு நிமிஷம்.”

“ஆலைக்காரங்க எத்தினி நிமிஷம்னாங்க?”

“பதினோரு நிமிஷம்தான் சார்.”

“பாத்தியா! சோறு வெந்துடுச்சு. எறக்கி வெச்சிட வேண்டியதுதான்.”

திரையில் வரைபடம் இருந்தது. நடுவில் ஆலை. மேற்கே மேலத்தெரு முழுக்க அடர்ந்த சிவப்பு. மதியத்தில் கடல் காற்று கிழக்கிலிருந்து அடிக்கும். சாம்பலை மேற்கே தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. ஆலைக்குக் கிழக்கே கீழத்தெரு. கோடியில் சின்ன சர்ச்சோடு, நெருக்கமான வீடுகள். ஊர்க்காரர்கள் காலனி என்பார்கள். வரைபடத்தில் கீழத்தெரு வெள்ளை வெளேரென்று இருந்தது.

“இருபத்திரண்டாவது புள்ளி மட்டும் சார்…”

“எது, ரேஷன் கடை மாடியா?”

“ஆமா சார். கீழத்தெரு முனையில இருக்கு. மாடல்படி அங்க ஒண்ணும் இருக்கக் கூடாது. ஆனா சதுர மீட்டருக்கு மூணு கிராம் கெடந்துச்சு.”

“லாரி போற ரோடும்மா அது. ரோட்டுத் தூசி. முப்பது புள்ளி ஒத்துப் போவுது, ஒண்ணு மட்டும் முறுக்கிக்கினு நிக்குது. தூக்கிக் கடாசு அதை.” அவர் டம்ளரை மேசையில் வைத்தார். “மூணு மணிக்கு ஹெல்த் ஆளுங்க வராங்க. நாளைக்குக் காலையில ரத்த டெஸ்ட் முகாம். சிவப்புக் கோட்டுக்குள்ள வர்ற தெருவுல இருக்கிற கொழந்தைங்களுக்கு மட்டும்தான் எடுப்பாங்களாம். தண்ணித்தொட்டி கழுவி வுடறதும் அவங்களுக்குத்தான். கோடு தெளிவா இருக்கணும், இன்னா?”

“சார்…”

“சொல்லு.”

“ஒண்ணுமில்ல சார்.”

அவர் போய்விட்டார். அவள் மேசைக்கடியில் இரண்டு கைகளையும் முழங்காலுக்கு நடுவே வைத்து இறுக்கிக்கொண்டாள்.

போன சனிக்கிழமை நடந்தது இதுதான். மோகன் அவளை மேலத்தெருவில் இறக்கிவிட்டுவிட்டு டீக்கடைக்குப் போனார். வார்டு மெம்பர் கூடவே வந்தார். அவரே ஒவ்வொரு கதவாகத் தட்டி, “இந்தப் பொண்ணு மாடியில தூசி அளக்கணுமாம்மா” என்று சொல்லிக்கொண்டே போனார். அவள் தலையைக் குனிந்தபடி ஏறினாள். சதுரமான மரச் சட்டத்தைத் தரையில் வைத்து உள்ளே இருந்ததைத் தூரிகையால் கூட்டி உறையில் போட்டாள். இருபத்தொரு இடம் மளமளவென்று முடிந்தது. மெம்பருக்கு இரண்டு மணிக்கு ஷிப்ட். அவர் கிளம்பிவிட்டார்.

ரேஷன் கடை பூட்டியிருந்தது. பின்பக்கம் படிக்கட்டு, கேட்க ஆளில்லை. ஏறி அளந்தாள். அது இருபத்திரண்டு.

பிறகு கீழத்தெரு. முதல் வீட்டு வாசலில் நின்றாள். லுங்கி கட்டிய ஒருவர் எட்டிப் பார்த்து, “யாரு? இன்னா வோணும்?” என்றார். கேட்டது தப்பே இல்லை. குரல் கொஞ்சம் தடித்த குரல், அவ்வளவுதான். “ஒண்ணுமில்லைங்க” என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். இரண்டாவது வீட்டில் நாய். மூன்றாவது வீட்டில் தட்டப் போன கை பாதியில் தானாக இறங்கியது. நான்காவது வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது, உள்ளே டிவி ஓடியது. அதையும் தாண்டி நடந்தாள். அப்படியே தெரு முடிந்து சர்ச் வந்துவிட்டது.

கையிலிருந்த டேப்லெட்டில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கட்டம். எண் போடாவிட்டால் சிவப்பாகும், அடுத்த பக்கம் திறக்காது. திங்கட்கிழமை வந்து அளந்து மாற்றிவிடலாம் என்று நினைத்து, கீழத்தெருவுக்கான ஒன்பது கட்டத்திலும் பூஜ்ஜியம் போட்டாள். திங்கட்கிழமை அவள் அலுவலகம் வருவதற்குள் பாண்டுரங்கன் எண்களையெல்லாம் கணினியில் ஏற்றி, ஆலைக்கும் ஒரு நகல் அனுப்பியிருந்தார்.

அளக்காதது வேறு, இல்லாதது வேறு. தீவு எரிமலை அட்டவணையில் இரண்டுக்கும் தனித்தனிக் குறி இருந்தது. அளக்காத இடத்தைக் கணினி விட்டுவிடும். பூஜ்ஜியம் என்று போட்டாலோ, அங்கே சாம்பல் விழவே இல்லை என்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளும். இது தெரியாதவள் செய்திருந்தால் பரவாயில்லை. அவளுக்குத் தெரியும்.

பத்தேகாலுக்கு ஒன்பது பூஜ்ஜியத்தையும் அழித்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல் நிரலை மறுபடி ஓட்டினாள். நாற்பது நிமிடம். பாண்டுரங்கன் உள்ளே போனில் சிரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சிரிப்புக்கும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

விடை வந்தபோது முதலில் புரியவில்லை. மேலிருந்து மறுபடி படித்தாள்.

அறுபது கிலோவைக் காணவில்லை. அறுபதிலிருந்து நானூற்றைம்பது வரை எது வேண்டுமானாலும் இருக்கலாம் என்றது கணினி. முறுக்கிக்கொண்டு நின்ற இருபத்திரண்டாவது புள்ளி இப்போது சாதுவாகப் பொருந்தியது. ஒரே ஒரு விதத்தில்தான் பொருந்தியது: வெடிப்பதற்கு முன்னாலேயே, வெள்ளிக்கிழமை விடிகாலை ஐந்து மணியிலிருந்து, ஏதோ ஒரு பை கிழிந்து மணிக்கணக்காகத் தூசி கசிந்திருக்க வேண்டும். ஆனி மாதம். காலையில் மேற்கிலிருந்து காற்று. அந்தக் காற்று எல்லாவற்றையும் கிழக்கே கொண்டு போயிருக்கும்.

கீழத்தெரு கடும் சிவப்பில் இருந்தது.

இருக்கலாம், அவ்வளவுதான். இல்லாமலும் போகலாம். அங்கே போய்ப் பார்க்காமல் தெரியாது. ஈயம் உள்ளே போனால் அன்றைக்கே காட்டாது. பெரியவர்களைவிடத் தவழ்கிற, விரல் சூப்புகிற குழந்தைகளுக்குத்தான் அது ஆகாது. ரத்தத்தில் ஏறி, வளர்ச்சியையும் புத்தியையும் சத்தமில்லாமல் அரிக்கும். ரத்தத்தை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். வெள்ளைத் தெருவில் யாரும் ரத்தம் எடுக்கப் போவதில்லை.

ஜன்னலுக்கு வெளியே பெங்களூர் சாலைக்கு மேல் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஆறு நாளாக மழை இல்லை. இன்றைக்குப் பெய்தால் மாடிகள் கழுவப்பட்டுவிடும். அதற்குப் பிறகு யார் அளந்தாலும் பூஜ்ஜியம்தான்.

சட்டத்தையும் தூரிகையையும் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள்.

“அண்ணா, இப்பவே போலாமா?”

மோகன் வண்டிக்குள் செய்தித்தாள் விரித்திருந்தார். “மூணு மணிக்குத் தானே மீட்டிங்கு? சார்கிட்ட சொல்லிட்டியாம்மா?”

“ஒரு எடத்துல… இன்னொரு தடவை அளக்கணும்.”

“நீயா பேசற? சரி ஏறு. மழை வராப்ல கீது.”

ஒரகடம் மேம்பாலத்தில் கார் ஏற்றிய நீளமான லாரிகள் நின்றிருந்தன. அதில் முக்கால் மணி நேரம் போனது. கீழத்தெரு முனைக்கு வந்தபோது மணி ஒன்று. முதல் சொட்டு இன்னும் விழவில்லை.

அவள் இறங்கவில்லை. கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். என்ன சொல்லிக் கேட்பது? சனிக்கிழமை மாடி ஏறாதவள் இன்றைக்கு ஏன் வந்தாள் என்று கேட்டால்? அந்த லுங்கிக்காரர் அடையாளம் கண்டுகொண்டால்? மேலத்தெருவில் இருபத்தொரு மாடி ஏறினவளுக்கு எங்கள் தெரு என்றால் கால் வரவில்லையா என்று கேட்டுவிட்டால்? அப்படியில்லை, பயம்தான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவளுக்கே அது முழுசாக நிச்சயமில்லை. அந்த நினைப்பு வந்ததும் கைப்பிடி வழுக்கியது.

“இன்னாம்மா, பொண்ணு பாக்க வந்த மாப்ள மாதிரி குந்திகினு கீற? இருவது நிமிஷமாச்சு” என்றார் மோகன்.

இறங்கினாள்.

மூன்றாவது வீட்டில் தட்டினாள். கதவைத் திறந்தவளுக்கு முப்பது வயதிருக்கும். பேர் லீலா. கார் சீட்டுக்கு உறை தைக்கிற கம்பெனியில் வேலை. அவள் போட்டிருந்த நீலச் சட்டையிலேயே பேர் இருந்தது. இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை.

“மாடியில தூசி… அளக்கணும் அக்கா. அஞ்சு நிமிஷம்.”

“இதுக்கா இப்டி நடுங்கற? போய் அளந்துக்க. செருப்பு கழட்ட வாணாம்.” லீலா சிரித்தாள். “ஏ ஜெனி, அக்காவுக்கு ஹாய் சொல்லு.”

அவ்வளவுதான். தட்டினால் திறக்கிற கதவு. அறிவுமதிக்கு அழுகை வந்தது.

லீலாவும் பின்னாலேயே ஏறி வந்தாள். “நாங்க வெள்ளிக்கிழமையே பாத்தோம். விடிகாலையில யூனிபாரம் தொவச்சிக் காயப் போட்டேன். பத்து மணிக்கு எடுக்க வந்தா, விபூதி பூசினாப்ல ஒரே சாம்பல். திருப்பித் தொவச்சேன்.”

“பத்து மணிக்கா? மத்தியானம் இல்லையா அக்கா?”

“மத்தியானம் நான் ஷிப்ட்டுல இருந்தேன். வெடிச்ச சத்தமே அங்கதான் கேட்டுச்சு.”

மாடி மூலையில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், துடைப்பம் போகாத இடத்தில் அது கிடந்தது. மெல்லிசாக, படலமாக, தொட்டால் பட்டு போல. ரேஷன் கடை மாடியில் பார்த்ததைவிடக் கனம். குழந்தை இறங்கித் தவழ்ந்து போய், அதில் விரலால் ஒரு கோடு இழுத்தது. பிறகு அந்த விரலை வாய்க்குக் கொண்டு போனது.

“ஐயோ!” அறிவுமதி பாய்ந்து கையைப் பிடித்தாள். குழந்தை வீறிட்டது. குழந்தையின் நகக்கண்ணிலெல்லாம் சாம்பல் நிறம். புதிதாக ஒட்டியது மாதிரி இல்லை.

“இன்னாம்மா நீ, பயமுறுத்தற?” லீலா குழந்தையை வாரிக்கொண்டாள்.

அறிவுமதி மண்டியிட்டுச் சட்டத்தைத் தரையில் வைத்தாள். அவசரத்தில் அது கவிழ்ந்தது. நேராக வைத்தாள். தூரிகையை எடுத்தாள். உறையைப் பிரிக்கும்போது முதுகில் ஒரு சொட்டு விழுந்தது. அடுத்தது கழுத்தில். பிறகு யாரோ அண்டாவைக் கவிழ்த்த மாதிரி கொட்டியது. சட்டத்துக்குள்ளிருந்த சாம்பல் கண்ணெதிரே கறுத்து, ஓடி, மாடிக் குழாய் வழியாகக் கீழே இருந்த நீல டிரம்மில் விழுந்தது. இருபது நிமிடம் முன்னால் வந்திருந்தால்.

கீழே இறங்கி நின்றார்கள். டிரம்மில் சாம்பல் நிறத் தண்ணீர் சுழன்றது. அதில் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டாள். ஆய்வகம் பதில் சொல்ல நான்கு நாள் ஆகும். முகாம் நாளைக்கு. அதுவும் இந்தத் தெருவுக்கு இல்லை.

“அக்கா, இந்தத் தண்ணியில பாப்பாவைக் குளிப்பாட்ட வேணாம். கையை சோப்புப் போட்டுக் கழுவி விடுங்க.”

“ஏன்? நம்ம தெருவுக்கு ஒண்ணுமில்லைன்னுதான சொல்றாங்க? கம்ப்யூட்டர்ல பாத்துட்டாங்களாம். மெம்பர் நேத்தே சொன்னாரு.”

அறிவுமதி வாயைத் திறந்தாள். பாண்டுரங்கன் போனில் கூப்பிட்டார். “எங்கம்மா போய்ட்ட? பஞ்சாயத்து ஆபீசுக்கு வந்துடு.” சொல்ல வந்ததைச் சொல்லாமல் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு வண்டிக்கு ஓடினாள்.

பஞ்சாயத்து அலுவலகத்தில் ஈர உடம்புகளின் வாசனை. பிளாஸ்டிக் நாற்காலி போதாமல் ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். சுகாதாரத் துறையிலிருந்து வந்த இருவர் முன் வரிசையில் இருந்தார்கள். இளையவர் மடியில் ஒரு காலிப் பட்டியலை வைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்திருந்தார். ஆலையிலிருந்து வந்தவர் பின்னால் கைகட்டி நின்றார்.

பாண்டுரங்கன் நன்றாகப் பேசுவார். எரிமலையிலிருந்து ஆரம்பித்தார், கூட்டம் வாயைப் பிளந்து கேட்டது. “வெளிநாட்டுல எரிமலைக்குப் போடற கணக்கு இது. அதே கணக்கை நம்ம ஊருக்குப் போட்டிருக்கோம். ஒரே வெடிப்பு. பதினோரு நிமிஷம். அறுபது கிலோ. மேலத்தெரு மட்டும்தான் பாதிப்பு.”

மேலத்தெருக்காரர்கள் முகம் இறுகியது. கீழத்தெருப் பக்கம் பெருமூச்சுகள். இளையவர் பட்டியலில் எழுத ஆரம்பித்தார்.

“சார்.” சுவரோரமாக லீலா நின்றிருந்தாள், இடுப்பில் ஜெனியோடு. “எங்க மாடியிலயும்தான் சாம்பல் இருந்துச்சு. வெள்ளிக்கிழமை காலையிலேயே.”

“அது ரோட்டுத் தூசிம்மா. உங்க தெருவுல ஒன்பது மாடி ஏறி அளந்திருக்கோம்.” அவர் வரைபடத்தில் விரலால் தட்டினார். “பூஜ்ஜியம், பூஜ்ஜியம், பூஜ்ஜியம். ஒன்பதும் பூஜ்ஜியம்.”

“எங்க வூட்டுக்கு இன்னிக்கித்தான வந்தாங்க?”

“சனிக்கிழமையும் வந்தாங்க. நீ ஷிப்ட்ல இருந்திருப்ப.”

லீலா யோசித்தாள். “ஆமா, சனிக்கிழமை எனக்கு ஓவர்டைம்.” பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். “உங்க வூட்டுக்கு வந்தாங்களா?” அவள் உதட்டைப் பிதுக்கினாள்: “நானும் வேலைக்குப் போய்ட்டேனே.” அதற்குப் பக்கத்திலிருந்தவரும் அதையேதான் சொன்னார். தெருவே ஏதோ ஒரு ஷிப்ட்டில் இருந்தது. தூசி அளக்கிற பெண் மற்றவர் வீட்டுக்கு வந்திருப்பாள் என்று எல்லாரும் நம்பினார்கள். லுங்கி கட்டியவர் கூட்டத்தில் இல்லை.

அறிவுமதிக்குப் புரிந்தது. மழை எல்லாவற்றையும் கழுவிவிட்டது. அவள் பேசாமலிருந்தால் இது யாருக்கும், எந்தக் காலத்திலும் தெரியாது. வேலை இருக்கும். மணிமங்கலத்தில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுக்கலாம். ஐந்து வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தைக்கு ஏன் பாடம் ஏறவில்லை என்று யாரும் இந்த வரைபடத்தை எடுத்துப் பார்க்கப் போவதில்லை.

“அளந்த பொண்ணே இதோ இருக்குதே” என்றார் பாண்டுரங்கன் பெருமையாக. “எழுந்திரும்மா மதி. நீயே சொல்லு.”

எழுந்தாள். நாற்காலிக் கால் சிமெண்டுத் தரையில் கிறீச்சிட்டது. அத்தனை முகமும் அவள் பக்கம் திரும்பியது. இளையவர் மேலத்தெரு என்று எழுதி அடிக்கோடு போட்டு, பேனாவை மூடப் போனார்.

லீலாவின் தோளில் ஜெனி விரலை வாயில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தது. விரலைக் கழுவியிருந்தார்கள். நகக்கண்ணில் மட்டும் போகவில்லை.

“சத்தமா சொல்லும்மா, பின்னாடி கேக்கல” என்றார் யாரோ.

“அக்கா,” என்றாள் அறிவுமதி, லீலாவைப் பார்த்து. “அந்த ஒன்பது வீட்டுல ஒரு வீட்டு மாடியிலகூட சனிக்கிழமை நான் ஏறல.”